ஆடாத கோடு

அன்று காலை என் திரையில் மஞ்சள் எச்சரிக்கைக் கொடி விழுந்தது மாமாவின் கடைக்கு. வேறு எந்தக் கடையாக இருந்தாலும் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகப் பார்த்திருப்பேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர், அந்தக் கடையின் மேனேஜர். நான் வேலை செய்யும் கண்காணிப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. வரிசையாக மேஜைகள், மேஜைக்கு இரண்டு திரைகள், திரை நிறையக் கோடுகள். ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனியின் அத்தனை கடைகளும் அந்தக் கோடுகளுக்குள் அடக்கம். ஒவ்வொரு குளிர் அலமாரியிலும் ஒரு சென்சார், ஒவ்வொரு தண்ணீர்க் குழாயிலும் ஒரு மீட்டர், விளக்குக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. எந்தக் கடையில் பிரீசர் கதவைத் திறந்து போட்டுவிட்டு அரட்டை அடிக்கிறார்கள், எங்கே ஆளில்லாத கிடங்கில் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் எங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கடையின் கழிவறைத் தொட்டி யாருக்கும் தெரியாமல் ஒழுகிக்கொண்டிருந்ததை இங்கிருந்தே கண்டுபிடித்தவள் நான். இந்தப் பெருமையை நானேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யார் சொல்கிறார்கள்?

மாமாவின் கடைக்கு வந்த கொடி ஒழுகலுக்கானது இல்லை. பால் அலமாரியின் குளிர்க் கோடு சில நாட்களாக ஆடவே இல்லை என்று கணினி சொன்னது.

குளிர் அலமாரியின் கோடு ஆட வேண்டும். யாராவது கை விட்டு எடுக்கும்போது கொஞ்சம் ஏறும். புதுச் சரக்கை அடுக்கும்போது ஏறும். உள்ளே படிந்த பனியைக் கரைக்க இயந்திரம் தானாகவே நின்று ஓடும்போது சின்ன மேடு மாதிரி எழும்பி இறங்கும். ஒழுங்காக வேலை செய்யும் அலமாரியின் கோடு இப்படி ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மாமாவின் பால் அலமாரியோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி மூன்று டிகிரியிலேயே போய்க்கொண்டிருந்தது. சென்சார் செத்திருந்தால் எண்ணே வராது. எண் வருகிறது, கோடு ஆடவில்லை என்றால் சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம்.

போன மாதம்தான் வேறொரு கடையின் மேனேஜர், அலாரத் தொல்லை தாங்காமல் சென்சாரை ஐஸ் பையில் சொருகி வைத்து மாட்டிக்கொண்டார். விசாரணை, விளக்கம் எதுவும் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாமா அப்படிச் செய்வாரா? சாமான்களைப் பொத்திப் பொத்தி வைக்கும் ஆசாமிதான். அக்கா வீட்டில் டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் சட்டை, அதற்கு மேல் ரப்பர் பேண்ட். சோபாவில் கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த அதே தாள் இன்னும் இருக்கிறது. எழுந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். "மாமா, அக்காவுக்கு மட்டும் ஏன் உறை போடல?" என்று கேட்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பக்கத்து அறையில் விசிறி ஓடினால் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் நிறுத்திவிட்டு வருவார். மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சம் பிடிப்பதில் அவர் கடை ஒரு வாரமாக முதலிடம். அது அவருக்குப் பிறவிக் குணம், கம்பெனி சொல்லி வந்தது இல்லை என்றுதான் நாங்கள் கிண்டலடித்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கு போன் போட்டேன்.

"சொல்லு சின்னு," என்றது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். மாமாவின் போனுக்கு ஒரு தடித்த உறை உண்டு. பேசும் ஓட்டையை அது பாதி மூடியிருக்கும். எத்தனை சொன்னாலும் கழற்ற மாட்டார்.

"மாமா, பால் அலமாரியக் கொஞ்சம் கையில தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துச் சொல்றீங்களா?"

"எதுக்கு? உன் மிஷின்ல மூணுன்னு வருதுல்ல?"

"வருது. அதான் கேக்கறேன்."

"மூணுன்னா மூணுதான். மத்த கடை மாதிரி நெனச்சியா? ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, ஒரு அலாரம் அடிச்சிருக்குமா? சொல்லு." குரலில் குறை வேறு. "இங்க சரக்கு வண்டி வந்து நிக்குது. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் அலாரம் அடிக்கவில்லை என்று அவர் பெருமைப்பட்டது என்னை இன்னும் பயமுறுத்தியது. ஒரு பால் அலமாரி ஒரு வாரம் அலாரம் அடிக்காமல் இருப்பது, ஒரு வீட்டில் குழந்தை ஒரு வாரம் சத்தமே போடாமல் இருப்பது மாதிரி. போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் விதிப்படி, கொடி விழுந்தால் அன்றைய வேலை முடிவதற்குள் அதற்குக் காரணம் எழுதி மூட வேண்டும். இல்லாவிட்டால் தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். சொந்தக்காரர் கடை என்றால் கொடியை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை நான் அன்று படிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், விஷயம் தெரியுமா? மதியத்துக்கு மேல மாமாவுக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து போன் வருமாம். இந்த ஏரியாக் கடை பூரா இனிமே அவர் பொறுப்புலதான் விடப் போறாங்களாம். புதுச் சட்டை போட்டுட்டுப் போயிருக்காரு."

"போன்ல பேசறதுக்கு எதுக்குக்கா புதுச் சட்டை?"

"அத அவருட்ட போய்க் கேளு." சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்குப் படபடன்னு இருக்குடீ. நல்லபடியா முடியணும். இன்னொரு தடவ அவர வீட்ல உக்கார வச்சுப் பாக்க என்னால ஆகாது" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். முன்பு அவர் வேலை பார்த்த கடையை இழுத்து மூடியபோது மாமா பல மாதம் வேலை இல்லாமல் இருந்தார். காலையில் குளித்து, தலை வாரி, எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அறை அறையாக நடந்து விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார். அக்கா, அவர் அணைத்துவிட்டுப் போன விளக்கின் அடியிலேயே உட்கார்ந்து காய் நறுக்குவாள், போடுங்கள் என்று சொல்ல மாட்டாள். அந்த நாட்களில் நான் அங்கே போவதையே தள்ளிப்போட்டேன். பார்க்கச் சகிக்காது.

"நல்லபடியாத்தான் முடியும்," என்று சொல்லிவிட்டு, தலைவலி என்று அரை நாள் விடுப்புப் போட்டுக் கிளம்பினேன். தலைவலி பொய்யும் இல்லை. பேருந்தில் போகும்போது போனில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் கோடுகளைப் போனிலும் பார்க்கலாம். மூன்று. மூன்று. மூன்று. ஒரு தடவையாவது நாலைத் தொட்டுவிடேன் என்று கெஞ்சாத குறை.

மாமா கடை வாசலில், மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் நின்றிருந்தார். காலருக்குள் இருந்த பிளாஸ்டிக் பட்டையைக்கூட எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா சொல்லிட்டாளா? போன் இன்னும் வரல. நீ எதுக்கு வேலைய விட்டுட்டு ஓடி வந்தே?"

"பால் அலமாரியப் பாக்கணும் மாமா."

"இன்னும் அத விடலையா நீ?"

நான் உள்ளே நடந்தேன். மதிய நேரம், கூட்டம் அதிகமில்லை. பால் அலமாரி கடையின் பின்சுவரோரம் நீளமாக நின்றது. முன் வரிசையில் பால் பாக்கெட்டுகள், தயிர்க் கோப்பைகள், வெண்ணெய். நான் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சிதான். ஆனால் கன்னம் சிலிர்க்கும் குளிர்ச்சி இல்லை.

"சென்சார் எங்க மாமா?"

அவர் பதறவில்லை, மழுப்பவில்லை. பரிசு வாங்கிய பிள்ளையின் நோட்டைக் காட்டும் தகப்பன் மாதிரி குனிந்து, அலமாரியின் பின்மூலைக்குள் தோள் வரை கையை விட்டு, ஒரு வெள்ளை தெர்மாகோல் பெட்டியை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்கு ரப்பர் பேண்ட். உறைக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது எங்கள் சென்சார்.

"வெலை ஒசந்த பொருள், ஜாக்கிரதையா வச்சுக்கங்கன்னு சொல்லித்தானே மாட்டிட்டுப் போனாங்க? கடைப் பசங்க பால் கிரேட்டத் தள்ளறப்ப எல்லாம் இதுல இடிக்கறானுங்க. கஸ்டமர் புள்ளைங்க பிடிச்சு இழுக்குது. அதான் யார் கையும் படாத எடமாப் பாத்து வச்சிட்டேன். பாரு, ஒரு கீறல் இருக்கா?"

நான் அந்தப் பின்மூலையைப் பார்த்தேன். குளிர்காற்று உள்ளே வரும் ஓட்டைக்கு நேர் எதிரே இருந்தது அது. அலமாரியிலேயே மிகக் குளிர்ந்த இடம்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மனுஷன் ஏமாற்றவில்லை. ரிமோட்டுக்குச் செய்ததைச் சென்சாருக்கும் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

"மாமா," என்றேன், "இது காத்து வர்ற வாயில பஞ்சுப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு, குளுருது குளுருதுன்னு சொல்லிட்டு இருக்கு. அத நம்பி மிஷின் போதும்னு நின்னுடுது. முன்னாடி இருக்கற பாலுக்குக் குளிர் எட்டல. கரண்டு மிச்சமானது அதுலதான்."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு சட்டைப் பையிலிருந்து கைத் தெர்மாமீட்டரை எடுத்தார். அதற்கும் உறை இருந்தது, பல்லால் கடித்துக் கழற்றினார். முன்வரிசைப் பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே சொருகினார். இரண்டு பேரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தைத் தாண்டியது. எட்டைத் தாண்டியது. பதினொன்றில் போய் நின்றது.

"அய்யய்யோ," என்றார் மாமா, மெதுவாக.

எங்களைத் தாண்டி ஒரு கை நீண்டு ஒரு பால் பாக்கெட்டை எடுத்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். ஏற்கெனவே அவள் கூடையில் இரண்டு தயிர்க் கோப்பைகள்.

"வைங்கம்மா," என்று மாமா கத்தியே விட்டார். அந்தப் பெண் திடுக்கிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கம்மா. பால் சரியில்ல. தயிரையும் குடுத்துடுங்க. இன்னைக்கு இதுல எதுவும் விக்கல." கூடையிலிருந்து கோப்பைகளை வாங்கினார். அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாமா கடையாட்களைக் கூப்பிட்டு அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். காலையிலிருந்து பால் வாங்கிப் போனவர்களில் போன் நம்பர் கொடுத்தவர்களுக்கெல்லாம் சொல்லும்படி கவுண்டர் பெண்ணிடம் சொன்னார். பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி நான் எடுத்துட்டு வந்த பால ஊத்திடு. ஏன்னு கேக்காத, ஊத்திடு" என்றார். அக்கா என்ன கேட்டாளோ, "போன் இன்னும் வரல" என்று சொல்லி வைத்தார்.

பின்பக்கத் தொட்டியில் அவரே நின்று பாக்கெட் பாக்கெட்டாக வெட்டி ஊற்றினார். குழாய் சொட்டினால் ராத்தூக்கத்திலிருந்து எழுந்து போகிற மனுஷன். நான் பக்கத்தில் நின்று வெட்டிக் கொடுத்தேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் வேலை போயிடும்ல?" என்றார்.

போன மாத மேனேஜர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் வேண்டுமென்றே செய்தார், மாமா அறியாமல் செய்தார். ஆனால் காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான்: சென்சார் இடம் மாற்றப்பட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அவருக்காக, அக்காவுக்காக, தலைவலி என்று சொல்லிவிட்டு வந்த எனக்காகவும்.

"உங்க கடைக்கு விழுந்த எச்சரிக்கைக் கொடிய நானே மூடிட முடியும் மாமா," என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "காரணம் எழுதற எடத்துல சென்சார் பழுதுன்னு ஒண்ணு இருக்கு. அத அமுக்கினா முடிஞ்சுது. பழையபடி எடத்துல மாட்டிடுங்க. பால்தான் ஊத்தியாச்சே. யாருக்கும் எதுவும் ஆகாது."

அவர் முகத்தில் லேசாக ரத்தம் ஊறியது. பாக்கெட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல அப்படியே நின்றார். வந்த ரத்தம் அப்படியே வடிந்தது.

"சின்னு. எங்க மேனேஜருங்க வாட்சப் குரூப்பு ஒண்ணு இருக்கு."

"அதுக்கென்ன?"

"எப்படிங்க உங்க கடை மட்டும் முதல்ல வருதுன்னு எல்லாரும் கேட்டாங்க. நான் இந்தப் பெட்டியப் போட்டோ எடுத்துப் போட்டேன். இந்த மாதிரி வச்சா சென்சார் பழுதாகாது, அலாரத் தொல்லையும் இல்லன்னு எழுதினேன். எல்லாரும் கட்டை விரலத் தூக்கிக் காட்டினாங்க."

நான் போனை எடுத்தேன். இத்தனை நேரம் நான் மாமாவின் கோட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். மற்ற கடைகளின் பால் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒரு கடையின் கோடு முந்தாநாள் வரை ஆடிக்கொண்டிருந்து நேற்றிலிருந்து நேராகியிருந்தது. அடுத்த கடையும் அப்படியே. அதற்கடுத்ததும். எங்கள் கணினி கொடி போடச் சில நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை அத்தனை கடைகளிலும் பால் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். அத்தனை கடைகளிலும் இடுப்பில் குழந்தையோடு யாராவது கை நீட்டுவார்கள்.

போனை அவரிடம் காட்டினேன்.

மாமா தன் போனை எடுத்தார். குரூப்பைத் திறந்து, பேசுவதற்கான பொத்தானை அமுக்கிப் பிடித்தார். விரல் வழுக்கிப் பொத்தான் விட்டுப்போனது. மறுபடி அமுக்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் போட்ட பெட்டிப் போட்டோ தப்பு. முழுசா என் தப்பு. சென்சார ஒடனே வெளிய எடுத்து, பழைய எடத்துல மாட்டுங்க. முன்வரிசைப் பாலத் தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. சூடா இருந்தா விக்காதீங்க, ஊத்திடுங்க. என்னைத் திட்டறதுன்னா அப்பறம் திட்டுங்க, மொதல்ல எடுங்க."

அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "கேக்குமா? இந்த உறையோட என் பேச்சு வெளங்காதுன்னு நீதான் சொல்லுவே."

"வெளங்கும் மாமா," என்றேன், விளங்குமா என்று தெரியாமலே.

கிடங்கில் கவிழ்த்துப் போட்ட இரண்டு கிரேட்டுகளில் உட்கார்ந்து என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கோடு துள்ளி எழுந்தது. ஆறு, எட்டு, பத்து. சிவப்பாகி அலாரம் அடித்தது. அலாரச் சத்தத்துக்கு ஒருவர் சந்தோஷப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கோடு எழுந்தது. அடுத்தது. குரூப்பில் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை போட்டிருந்தார்கள். இன்னொருவர் நல்லா சொன்னீங்க போங்க என்று எழுதியிருந்தார். மாமா எதற்கும் பதில் எழுதவில்லை.

ஒரே ஒரு கடை மட்டும் அசையவில்லை.

"இவன் குரூப்பே பாக்க மாட்டான்," என்று மாமா அந்த மேனேஜருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. "எடுடா, எடுடா." மூன்றாம் தடவை எடுத்தார். மாமா பேசப் பேச அந்தப் பக்கம், "என்ன? கேக்கல. யாரு? சத்தமாப் பேசுங்க" என்றே வந்தது. மாமா தொண்டை கிழியக் கத்தினார். கிணற்றுக்குள்ளிருந்து கத்தினால் எத்தனை கேட்கும்? அந்த மேனேஜர் சலித்துப்போய் வைத்துவிட்டார்.

என் போனில் கூப்பிடலாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா தன் போனைத் திருப்பி, உறையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். வாங்கிய நாளிலிருந்து போட்ட உறை, லேசில் வரவில்லை. விரல் நுனி சிவக்க இழுத்துப் பிய்த்து எறிந்தார். உள்ளே போன் புத்தம் புதிதாகப் பளபளத்தது. மறுபடி கூப்பிட்டு, "தம்பி, பால் சென்சாரப் பெட்டியிலேருந்து எடு. இப்பவே" என்றார், சாதாரணக் குரலில்.

அந்தக் கோடும் எழுந்தது. பன்னிரண்டு.

மாமா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நீலச் சட்டை முழுக்கப் பால் தெறித்திருந்தது. அப்போது மடியில் இருந்த போன் அடித்தது. ஹெட் ஆபீஸ் என்று திரையில் எழுத்து. அந்தக் குரூப்பில் ஹெட் ஆபீஸ் ஆட்கள் யாரும் கிடையாது. எதுவும் தெரியாமல், வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நாளைக்குச் சொல்லலாமே என்று நான் சொல்ல நினைத்தேன், அக்காவின் படபடப்பு என் நெஞ்சிலும் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சொல்லவில்லை. போன் நின்றுவிடுமோ என்று பயந்தவர் போல அவர் அவசரமாக எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டே பேச ஆரம்பிப்பது எனக்கே கேட்டது.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் மாமா. "நீங்க சொல்ல வந்ததச் சொல்றதுக்கு முன்னாடி, நான் ஒண்ணு சொல்லிடறேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றது அந்தக் குரல். "இன்னைக்குத்தான் நீங்க பேசறது தெளிவாக் கேக்குது."